ஆகா அடுப்பா, சாதா ஓவனா?

இங்கிலாந்துப் பண்ணை வீடுகளில் இருக்கும் பழைய ரக ஆகா (AGA என்ற பிராண்டு) அடுப்பு இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும். 1922இல் ஸ்வீடன் விஞ்ஞானி குஸ்டாஃப் டாலேன் உருவாக்கியது. சூட்டைத் தேக்கி வைப்பது அதன் வார்ப்பிரும்பு உடம்பு.

இரண்டு ஓவன் உள்ள பழைய கேஸ் மாடல் வாரத்துக்குச் சுமார் 425 யூனிட் (கிலோவாட் மணி) குடிக்கும். யூனிட் 6 பென்ஸ் என்று வைத்தாலும் 25 பவுண்டு போச்சு, சமைத்தாலும் சமைக்காவிட்டாலும். சாதா மின்சார ஓவன் மணிக்கு ஒரு யூனிட் அளவில்தான் இழுக்கும். வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம்.

சரி, அப்புறம் ஏன் ஆகா? ஜனவரிக் குளிரில் அதன் முன்கம்பியில் ஈரத் துண்டைப் போட்டால் காலையில் மொறமொறவென்று காய்ந்திருக்கும். இரவு உள்ளே வைத்த இறைச்சி விடிவதற்குள் பஞ்சாய் வெந்திருக்கும். சமையலறைக்குத் தனி ஹீட்டர் வேண்டாம்.

ஜூலையில்தான் வம்பு. அடுப்போடு நாமும் வேக வேண்டும். அதை அணைத்துவிட்டுச் சின்ன மின் அடுப்பில் சமைப்பவர்களும் உண்டு. அதற்கு எனக்குச் சாதா ஓவனே போதும்.