கண்டியா, கொழும்பா? தோட்டத்திலிருந்து இறங்குவோருக்கு ஒரு நகரவாசியின் ஒப்பீடு

நோர்வூட்டுக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து 1986 ஆம் ஆண்டு, பதினேழு வயதில், கண்டியிலுள்ள ஒரு பலசரக்குக் கடைக்கு வேலைக்கு வந்தேன். அன்று முதல் கண்டியே என் ஊராக இருக்கிறது. என் தங்கை 1997 இல் திருமணமாகிக் கொழும்பு, கொட்டாஞ்சேனைக்குச் சென்றாள். அவளும் அங்கேயே வேரூன்றிவிட்டாள். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், தங்கிவிட்ட தம்பிக்கு இருபது வயதில் ஒரு மகனும், க.பொ.த. சாதாரண தரம் முடித்த ஒரு மகளும் இருக்கிறார்கள். "அண்ணே, கண்டிக்கு வரட்டுமா, கொழும்புக்குப் போகட்டுமா?" என்று அவன் சில மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். மலையகத்தின் பல வீடுகளில் இதே கேள்வி இருப்பதால், எங்கள் இருவருடைய அனுபவத்தையும் அருகருகே வைத்து, அவனுக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் தூரத்தைச் சொல்ல வேண்டும், ஏனெனில் மற்ற எல்லாவற்றையும் விட அதுவே எங்கள் இரு வாழ்க்கைகளையும் வேறுபடுத்தியது. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் விடியற்காலை பஸ் ஏறினால், கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டனை அடைந்து, காலை ஒன்பது, பத்து மணிக்குள் தோட்டத்தில் நிற்கலாம். அன்று மாலையே திரும்பியும் விடலாம். கொழும்பில் பெஸ்டியன் மாவத்தையிலிருந்து புறப்படுபவர் அவிசாவளை, கித்துல்கல வழியாக வந்து சேர்வதற்குள் அரை நாள் கழிந்துவிடும். வரைபடத்தில் இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் எங்கள் அப்பா ஓர் ஆனி மாத மழையில் இறந்தபோது நான் நள்ளிரவுச் செய்தி கேட்டு விடிவதற்குள் புறப்பட்டு, தப்பு முழங்கும்போதே லயத்துக்கு வந்துவிட்டேன். தங்கை வந்த பஸ்ஸோ வழியில் மண்சரிவால் மணிக்கணக்காக நின்றது. அவள் வந்தபோது குழி மூடப்பட்டிருந்தது. அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை என்பதை இன்றும் அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆயினும் ஒவ்வொரு திதிக்கும் முந்தைய நாளே வந்துவிடுகிறாள்.

நல்ல காரியங்களிலும் இதுவே நிலைமை. மாசியில் காமன் கூத்துக்கும், கோயில் திருவிழாவுக்கும் ஒரு நாள் விடுமுறையில் நான் போய் வந்திருக்கிறேன். கொழும்பில் உள்ளவர்களுக்குத் தீபாவளியும் பொங்கலுமே வாய்க்கும். அந்த நாட்களில் புறக்கோட்டைக் கடைகளின் இளைஞர்கள் அனைவரும் ஒரே இரவில் மலையேற முயல்வதால், பஸ்ஸில் நின்றுகொண்டே ஹட்டன் வரை வருபவர்கள் ஏராளம். 2022 இல் எரிபொருளும் அரிசியும் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற மாதங்களில், தம்பி கோவாவையும் உருளைக்கிழங்கையும் சாக்கில் கட்டி, ஓடிய பஸ்களில் கண்டிக்கு அனுப்பினான். கொட்டாஞ்சேனைக்கு அவனால் எதையும் அனுப்ப முடியவில்லை.

தொழில் என்று பார்த்தால் கொழும்பே மேலானது. இதை மறைப்பது நேர்மையாகாது. புறக்கோட்டையின் மொத்த வியாபாரம், செட்டியார் தெருவின் நகைத் தொழில், துறைமுகத்தைச் சுற்றிய வேலைகள், தனியார் நிறுவனங்களின் அலுவலகங்கள் ஆகியவை கண்டியில் அந்த அளவுக்கு இல்லை. கண்டியில் கடை, ஹோட்டல், வாகன உதிரிப்பாகம், சுற்றுலா என்ற சிறு வட்டத்துக்குள் நாம் சுழல்கிறோம். நான் கடைச் சிப்பந்தியிலிருந்து கணக்கெழுதுபவனாக உயர்வதற்குப் பதினான்கு வருடங்கள் ஆயின. மாலை வகுப்பில் கணக்கியலோ கணினியோ கற்றுக்கொண்டே பகலில் வேலை செய்ய விரும்பும் இளைஞனுக்குக் கொழும்பு இரண்டு, மூன்று வருடங்களில் திறக்கும் கதவு, கண்டியில் பத்து வருடங்கள் தட்டினாலும் திறக்காமல் போகலாம். தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்ற நிலையை அடைவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்ததை நினைத்தால், பிள்ளைகள் நகரத்தின் சம்பளத்தை நாடுவதை எந்தப் பெற்றோரும் தவறென்று சொல்ல முடியாது.

ஆயினும் கொழும்புச் சம்பளத்தில் பெரும் பங்கு கொழும்பிலேயே தங்கிவிடுகிறது. கடையின் மேல்மாடியில் பாய் விரித்துப் படுக்கும் தனி இளைஞனால் மிச்சம் பிடிக்க முடியும். குடும்பமாகப் போகிறவர் மாத வாடகையோடு பல மாத முற்பணத்தையும் திரட்ட வேண்டும். கட்டுக்கலையில் நான் மூன்று அறைகளுக்குக் கொடுக்கும் வாடகையில், தங்கையின் பகுதியில் காற்றோட்டமுள்ள ஓர் அறை கிடைத்தாலே பெரிது.

மொழியைப் பற்றிய என் கருத்து ஆண்டுகள் செல்லச் செல்ல மாறியிருக்கிறது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழ் தெருவின் மொழி. மருந்துக் கடையிலும் மீன் கடையிலும் தமிழிலேயே பேசி வாழலாம். கண்டியில் மஹய்யாவ, கட்டுக்கலை போன்ற இடங்களைத் தாண்டினால் சிங்களம் இல்லாமல் ஒரு நாளும் நகராது. வந்த புதிதில் இதைப் பெருங்குறையாக நினைத்தேன். பின்னர் தங்கை வாடகை வீடு தேடியபோது, தமிழ் வீட்டுக்காரர் ஒருவரே அவளுடைய பேச்சை வைத்து ஊரைக் கேட்டு, "தோட்டத்து ஆட்களுக்குக் கொடுப்பதில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னார். மொழி ஒன்றாக இருப்பதால் மட்டும் மரியாதை கிடைத்துவிடாது என்பதை அன்று அறிந்துகொண்டோம். கண்டியிலும் எனக்குக் கசப்பான நாட்கள் இருந்தன. 1998 ஜனவரி 25 அன்று தலதா மாளிகையில் குண்டு வெடித்த பிறகு, கடையைப் பூட்டிக்கொண்டு சில நாட்கள் நாங்கள் வெளியே வரவில்லை. அந்த வாரம் அடையாள அட்டையைச் சோதிக்க வந்தவர்களிடம், அடுத்த வீட்டுச் சிங்கள அம்மா படியிறங்கி வந்து, நாங்கள் அந்த வீதியில் எத்தனை வருடங்களாக இருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இறக்கும் வரை நாங்கள் அவருக்குப் பொங்கல் கொடுத்தோம். அவர் வீட்டுக் கிரிபத், அதாவது பாற்சோறு, எங்களுக்கு வந்தது. என் பிள்ளைகள் இருவரும் இரு மொழிகளையும் சரளமாகப் பேசுவதற்கும், அதனால் வேலை பெற்றதற்கும் கண்டி வாழ்க்கையே காரணம். தங்கையின் பிள்ளைகளுடைய சிங்களம் அவ்வளவு தூரம் போகவில்லை.

வைத்தியம் என்றால் இரு நகரங்களுக்கும் பெரிய பேதம் இல்லை. ஆனால் டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ சமாளிக்க முடியாத நோயாளியைப் பெரும்பாலும் கண்டிக்கே அனுப்புகிறார்கள் என்பதால், கண்டியில் ஒரு வீடு இருந்தால் அது உறவினர் அனைவருக்குமான வீடாகிவிடும். வார்ட்டில் இருப்பவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோவதும், சிங்களத்தில் எழுதப்பட்ட துண்டைப் படித்துச் சொல்வதும், கூட வந்தவரை முன்னறையில் படுக்கவைப்பதும் என் மனைவியின் வேலையில் பாதியாக இருந்திருக்கின்றன. இதைச் சுமையாக எண்ணுபவர் கண்டிக்கு வர வேண்டாம்.

கல்வி விடயத்தில் தோட்டத்துப் பெற்றோர் பலரும் அவசரப்பட்டுத் தவறு செய்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் தகுதியிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்திலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகின்றன. எங்கள் ஹட்டன் பகுதி அடங்கும் நுவரெலியாவும், பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. கண்டியும் கொழும்பும் இல்லை. ஆகவே உயர்தரத்துக்காக மாவட்டத்தை மாற்றும் பிள்ளை, நல்ல ஆசிரியரைப் பெறும் அதே வேளையில் உயர்ந்த வெட்டுப்புள்ளியோடும் போட்டியிட நேரலாம். ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரி போன்ற பாடசாலைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, நகரத்துப் பெயருக்காக மட்டும் பிள்ளையைப் பெயர்க்கக் கூடாது. விடுமுறையில் கண்டிக்கு வந்து வகுப்புக்குப் போகலாம். எங்கள் வீட்டில் அப்படிப் படித்துச் சென்றவர்கள் மூவர்.

கண்டியின் காற்று நல்லது என்ற நம்பிக்கையையும் திருத்த வேண்டியிருக்கிறது. மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற நகரத்தில், ஒடுங்கிய வீதிகளில் நெருக்கியடித்து நிற்கும் வாகனங்களின் புகை வெளியேற வழியின்றித் தேங்குகிறது. பாடசாலை விடும் நேரத்தில் வாவிக்கரையில் நடந்தாலே அது புரியும். கொழும்பில் வெக்கை உடலை வாட்டினாலும் கடற்காற்று புகையை அள்ளிப் போகிறது. தலதா மாளிகையின் எசல பெரஹர ஊர்வல நாட்களில் வீதிகள் மூடப்படும்போது நகருக்குள் வசிப்பவர் படும் சிரமமும் சிறியதல்ல.

நிலத்தின் ஆபத்து இரண்டு இடங்களிலும் உண்டு. களனி கங்கை பெருகினால் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகள் மூழ்குவதை 2016 மே மாதத்தில் கண்டோம். கண்டியிலோ ஆபத்து மேலிருந்து வருகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் எத்தனையோ வீடுகளை ஆட்களோடு மூடின. மலிவாகக் கிடைக்கிறது என்று சரிவில் காணி வாங்குபவர், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைப் பெறாமல் முற்பணம் கொடுக்கவே கூடாது. அந்த அறிக்கை சாதகமாக இல்லை என்று தெரிந்த பிறகு, நானே ஆசைப்பட்ட ஒரு துண்டைக் கைவிட்டேன்; அதனால்தான் இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறேன்.

நகரங்களை ஒப்பிடும் பலர் மறந்துவிடும் ஒன்றும் உண்டு. பல தோட்டங்களில் லயத்து அறை வேலையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. குடும்பத்தில் ஒருவராவது தோட்டப் பதிவில் இல்லாவிட்டால் அந்த அறைக்கான பிடி தளர்ந்துவிடும். 7 பேர்ச்சஸ் காணி தருவதாகச் சொல்லப்பட்டு ஆண்டுகள் பல ஆகியும், உறுதிப்பத்திரம் கையில் இல்லாதவர்கள் இன்னும் எத்தனையோ பேர். ஆகவே கண்டியானாலும் கொழும்பானாலும் குடும்பம் முழுவதும் ஒரே நேரத்தில் இறங்கக் கூடாது. எங்கள் தலைமுறைகள் உழைத்த மண்ணில் கொஞ்சமாவது நம் பெயரில் எழுதப்படும் நாளில், அங்கே நம் வீட்டார் ஒருவர் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இவற்றையெல்லாம் வைத்துத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். மகன் தனியாக இருப்பதால் கொழும்புக்குப் போகட்டும். ஆனால் மாலை வகுப்பில் சேர்ந்து, மூன்று வருடங்கள் என்ற எல்லையோடு போகட்டும். மகள் ஹட்டனிலேயே உயர்தரம் படிக்கட்டும். விடுமுறை வகுப்புக்கு எங்கள் வீடு இருக்கிறது. தம்பியும் அவன் மனைவியும் இப்போதைக்குத் தோட்டத்தை விட வேண்டாம். அம்மாவுக்கு நடை முடியாமல் போனால், கொழும்புக்கு அல்லாமல் கண்டிக்கே அழைத்து வரட்டும். தங்கை தன் வீட்டு மண்டபத்தில் பையனுக்கு ஒரு கட்டிலைப் போட்டுவிட்டதாக நேற்று தொலைபேசியில் சொன்னாள். மாதத்துக்கு ஒரு முறையாவது அவனை ஹட்டன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பும் பொறுப்பையும் அவளே ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.