இடஞ்சார் தரவு அறிவியலில் முதுநிலைப் படிப்பு: கிண்டியா, தேராதூனா, லண்டனா, மூன்ஸ்டரா?

தமிழ்நாட்டின் குறுக்கே 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை ஓடுகிறது. நிலப்பட வேலையில் உலகெங்கும் வழங்கும் யூ.டி.எம். முறை பூமியை ஆறு ஆறு பாகையாக 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது; ஒவ்வொரு மண்டலமும் தனக்கென ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து தூரத்தை அளக்கிறது. அந்தப் பிரிப்பில் கோயம்புத்தூர், ஈரோடு, திருநெல்வேலி ஆகியவை 43ஆம் மண்டலத்திலும், சென்னை, திருச்சி, மதுரை ஆகியவை 44ஆம் மண்டலத்திலும் விழுகின்றன. மேட்டூரில் 43இல் இருக்கும் காவிரி, திருச்சியை அடைவதற்குள் 44க்கு வந்துவிடுகிறது. இதைக் கவனிக்காமல் இரண்டு மண்டலங்களின் நிலப்படக் கோப்புகளையும் அப்படியே ஒன்றாகச் சேர்த்தால், கோயம்புத்தூர் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்து வங்கக் கடலில் மிதக்கும்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது இதை நான் ஒரு கேள்வியாகவே வைத்திருக்கிறேன். புவித்தகவலியல் படித்தவர்கள் சிரித்துக்கொண்டே விடை சொல்கிறார்கள். பொதுவான தரவு அறிவியல் படித்தவர்களில் பலர் விழிக்கிறார்கள். அடுத்த கேள்வியில் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. வீட்டுமனை விலையைக் கணிக்கும் ஒரு கணினி மாதிரி, சோதனைத் தரவில் மிகத் துல்லியமாக இருப்பதாகக் காட்டுகிறது. அதை நம்பலாமா என்று கேட்கிறேன். மனைகளைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பயிற்றுவித்து மறுபாதியில் சோதித்திருந்தால் நம்பக் கூடாது. ஏனெனில் சோதனைக்கு வந்த மனையின் பக்கத்து வீட்டு மனை பயிற்சியில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. மாதிரி கணித்தது பாதி, பக்கத்து வீட்டைப் பார்த்து எழுதியது பாதி. அருகில் உள்ளவை தொலைவில் உள்ளவற்றைவிட அதிகமாக ஒத்திருக்கும் என்று புவியியலாளர் வால்டோ டோப்லர் 1970இல் சொன்ன கருத்தின் நேரடி விளைவு இது. தரவைப் பகுதி பகுதியாக வெட்டி, ஒரு பகுதியை முழுமையாக ஒதுக்கி வைத்துச் சோதிக்க வேண்டும் என்பதை, செயற்கைக்கோள் படங்கள் வழி நிலத்தை ஆராயும் தொலையுணர்தலில் நன்கு பயின்றவர்கள்கூடச் சொல்லத் தவறுகிறார்கள்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒருவரே விடை சொல்லும்படி ஆக்குவதுதான், இடத்தோடு பிணைந்த தரவை ஆராயும் இடஞ்சார் தரவு அறிவியல் என்ற படிப்பின் நோக்கமாக இருக்க வேண்டும். நடைமுறையில் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது. அந்தச் சாய்வு பட்டத்தின் பெயரில் தெரியாது. நிறுவனத்தின் வரலாற்றைப் பார்த்தால் தெரியும்.

இந்தியாவில் இத்துறை நில அளவையின் வழி வந்தது. கிண்டிப் பொறியியல் கல்லூரியே 1794இல் புனித ஜார்ஜ் கோட்டையில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கப்பட்டதுதான். பிரிட்டிஷ் அளவையாளர் லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவை, நான் மேலே சொன்ன 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியே பிறகு வடக்கு நோக்கிச் சென்றது என்பது இத்துறையில் இருப்பவர்களுக்கு எப்போதும் இனிக்கும் தற்செயல். அந்தக் கல்லூரி வளாகத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ், தொலையுணர்தல் நிறுவனம் 1982 முதல் இயங்குகிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் வளப் பொறியியல் ஆய்வு மையம் 1976இல் தோன்றியது. தேராதூனில் இன்று இஸ்ரோவின் கீழ் உள்ள இந்தியத் தொலையுணர்தல் நிறுவனம், 1966இல் வான்படங்களைப் படித்தறியும் பயிற்சி நிலையமாக, நெதர்லாந்தின் ஐ.டி.சி. நிறுவனத்தின் துணையோடு தொடங்கப்பட்டது. அந்த ஐ.டி.சி. 1950இல் டெல்ஃப்ட் நகரில் பிறந்து, பிறகு என்ஸ்கெடேக்கு இடம் மாறி, 2010இல் ட்வென்டே பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஆகவே தேராதூனுக்கும் என்ஸ்கெடேக்கும் இடையில் தேர்வு செய்ய நினைப்பவர், ஒரே குடும்பத்தின் இரண்டு வீடுகளை ஒப்பிடுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுபக்கம், புள்ளியியலும் நகரப் புவியியலும் பெற்றெடுத்த பிள்ளைகள் இருக்கின்றன. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் மேம்பட்ட இடஞ்சார் பகுப்பாய்வு மையமான காஸா, மைக்கேல் பேட்டியின் தலைமையில் 1995இல் தொடங்கியது. நகரத்தைப் பாவனை செய்வதும், போக்குவரத்து ஓட்டங்களைக் கணிப்பதும், தரவைக் காட்சிப்படுத்துவதும் அதன் கைவண்ணம். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் புவியியல் தரவு அறிவியல் ஆய்வகம் பைத்தான் மொழிக் கருவிகளோடு நெருங்கிய உறவுடையது. லூக் ஆன்செலின் குழு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி, பின்னர் சிகாகோவில் வளர்த்த ஜியோடா மென்பொருள், அருகருகே உள்ளவை எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை, அதாவது இடஞ்சார் தன்தொடர்பை, அளக்கும் மோரன் குறியீட்டைச் சாதாரண மாணவரின் கைக்குக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் மூன்ஸ்டர் இரண்டு மரபுகளுக்கும் நடுவில் நிற்கிறது. ஆர் நிரல்மொழியில் இடத்தரவைக் கையாளும் பலரும் பயன்படுத்தும் எஸ்.எஃப். தொகுப்பை எழுதிய எட்சர் பெபெஸ்மா அங்கே பேராசிரியர்.

முதல் மரபில் படிப்பவர் அளவீட்டைக் கற்கிறார். ஒளிப்பட அளவையியல், செயற்கைக்கோள் வழி இடங்காணல், படத்தில் உள்ள வளிமண்டலப் பிழையை நீக்குதல், ரேடார் அலைகளின் கட்ட வேறுபாட்டிலிருந்து நிலம் சில மில்லிமீட்டர் அமிழ்ந்ததைக் கண்டறிதல் ஆகியவை அவருடைய பாடங்கள். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய நைசார் செயற்கைக்கோள் இரண்டு அலைநீளங்களில் ரேடார் தரவை அனுப்பத் தொடங்கிய பிறகு, இந்தத் திறனுக்கு இந்தியாவில் மதிப்பு கூடும் என்பது என் கணிப்பு. இரண்டாம் மரபில் படிப்பவர் அனுமானத்தைக் கற்கிறார். சென்னை மாநகராட்சியை 200 வார்டுகளாகப் பிரித்துப் பார்க்கும்போது டெங்குவுக்கும் குடிநீர் வசதிக்கும் இடையே தெரியும் தொடர்பு, அதே தரவை வார்டுகளைவிடப் பெரிய மண்டலங்களாகத் திரட்டினால் மாறிவிடலாம், சில சமயம் திசையே திரும்பிவிடலாம். எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதே விடையின் ஒரு பகுதி என்று புரிந்துகொள்வது அந்த மரபின் சாரம். முதல் மரபில் பயின்ற பலர் இதைத் தெரிந்துகொள்ளாமலே அழகான நிலப்படங்களை அச்சிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

செலவைப் பொறுத்தவரை இந்தியாவில் படிப்பதற்கு ஈடு இல்லை. கேட் தேர்வில் தகுதி பெற்று எம்.டெக். சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. 2022 முதல் புவியளவைப் பொறியியலுக்கெனத் தனித் தாள் வந்திருப்பதால், முன்போல் கட்டடப் பொறியியல் தாளில் கான்கிரீட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கேட் மதிப்பெண் இல்லாதவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா நுழைவுத் தேர்வு வழி திறந்திருக்கிறது. இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது அமெரிக்கா. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் இடஞ்சார் தரவு அறிவியல் என்ற பெயரிலேயே 32 யூனிட் கொண்ட முதுநிலைப் பட்டம் தருகிறது. ஒரு யூனிட்டுக்கு 2,000 டாலருக்கு மேல் கட்டணம் என்பதால், படிப்புக் கட்டணம் மட்டுமே 64,000 டாலரைத் தாண்டும். பாடத்திட்டத்தில் கணினியியல் வலுவாக இருக்கிறது, பட்டத்தின் பெயரும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்கிப் படிக்கும் அளவுக்கு அது இந்தியப் படிப்பைவிடப் பல மடங்கு உயர்ந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஐரோப்பா இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு விந்தையான வாய்ப்பைத் தருகிறது. மூன்ஸ்டர், லிஸ்பன் நகரின் நோவா, ஸ்பெயினின் காஸ்டெயோனில் உள்ள ஜௌமே முதலாம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்து புவிசார் தொழில்நுட்பங்களில் மூன்று பருவங்கள், 90 ஐரோப்பிய மதிப்பலகுகள் கொண்ட கூட்டுப் பட்டத்தை உருவாக்கின. முதல் பருவம் லிஸ்பனில் அல்லது காஸ்டெயோனில், இரண்டாவது மூன்ஸ்டரில், மூன்றாவது ஆய்வேட்டுக்கு என்பது அதன் அமைப்பு. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகம் வழிநடத்தும் கோப்பர்நிகஸ் டிஜிட்டல் புவி என்ற மற்றொரு கூட்டுப் படிப்பு இரண்டு ஆண்டு, 120 மதிப்பலகு கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தவருக்கு மாதம் 1,400 யூரோ வருகிறது, கட்டணம் ஏதும் இல்லை. கிடைக்காதவருக்கு இதே படிப்பு வேறொரு கணக்கு என்பதை மறக்கக் கூடாது. ஜெர்மனிக்குத் தனியாகச் செல்பவர், பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லாவிட்டாலும், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்காக 11,904 யூரோவை மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக்கூடிய முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் முன்கூட்டியே காட்ட வேண்டும். ஷ்டுட்கார்ட் உள்ள பாடன் வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டுகிறார்.

பிரிட்டனின் கவர்ச்சி வேகம். ஓராண்டில் பட்டம் முடிந்துவிடுகிறது. இரண்டாம் ஆண்டுச் சம்பளத்தை இழக்க வேண்டியதில்லை. அதே வேகம்தான் குறையும்கூட. அக்டோபரில் பைத்தான் அரிச்சுவடி தொடங்குபவர், கோடையில் ஆய்வேடு எழுதி முடித்துவிட வேண்டும். நிரலெழுதத் தெரிந்து வருபவருக்கு அந்த ஓராண்டு தேன். தெரியாமல் வருபவருக்கு முதல் நான்கு மாதங்கள் மூச்சுத்திணறல். படிப்புக்குப் பின் தங்கும் உரிமையும் சுருங்குகிறது: இரண்டு ஆண்டாக இருந்த பட்டதாரி விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதமாகிறது. ஜெர்மனியில் படித்து முடித்தவருக்கும் வேலை தேட 18 மாத அனுமதி உண்டு, நெதர்லாந்தில் ஓராண்டு. அமெரிக்க அரசின் அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் இடம்பெற்ற படிப்புகளுக்கு 12 மாதமும் அதன்மேல் 24 மாதமும் வேலைப் பயிற்சி அனுமதி கிடைக்கிறது. ஆனால் குறிப்பிட்ட பட்டம் அந்தப் பட்டியலில் எந்தக் குறியீட்டின் கீழ் வருகிறது என்பதைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

பிரிட்டனின் ஓராண்டுப் பட்டம் இந்தியாவில் செல்லுமா என்ற பழைய கவலை, 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் பெரிதும் தீர்ந்தது. அந்த ஒப்பந்தம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே திரும்பி வந்து இந்தியப் பொறியியல் கல்லூரியில் ஆசிரியராக விரும்புபவருக்கு எம்.டெக். அல்லது எம்.இ. இன்னும் பாதுகாப்பான வழி.

அதிகம் பேசப்படாத இன்னொரு வேறுபாடு, ஆய்வேட்டுக்கான தரவு. 2021 பிப்ரவரி 15 அன்று வந்த வழிகாட்டுதல்களின்படி, கிடைமட்டத்தில் ஒரு மீட்டரையும் செங்குத்தில் மூன்று மீட்டரையும்விடத் துல்லியமான தரவை இந்திய நிறுவனங்கள் முன்னனுமதி இல்லாமல் உருவாக்கலாம். ஆனால் அதை இந்தியாவிலேயே சேமித்து, இந்தியாவிலேயே கையாள வேண்டும். அடையாற்று வெள்ளத்தைத் தெருவாரியாக ஆராய்வதற்கு இத்தகைய உயரத் தரவு வேண்டும் என்று எண்ணுபவர் லண்டனில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்வது கடினம். கிண்டியில் அவருக்குக் களமும் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. உயரத் தரவு வேண்டாம், 10 மீட்டர் துல்லியமுள்ள படங்கள் போதும் என்றால், ஐரோப்பாவின் சென்டினல் 2 செயற்கைக்கோள் தரவு உலகில் எவருக்கும் இலவசம், எங்கிருந்தாலும் ஒன்றுதான்.

இணையவழிப் பட்டம் வேலையை விடாமல் படிக்க நினைப்பவருக்கு ஏற்றது. பென்சில்வேனிய மாநிலப் பல்கலைக்கழகம் இத்துறையில் இணையவழி முதுநிலைப் பட்டம் தருகிறது. ஊரில் இருந்து படிப்பதால் மாணவர் விசாவும் இல்லை, அதைத் தொடர்ந்து வரும் வேலை அனுமதியும் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

கடைசியாக, இந்தப் படிப்பே வேண்டாம், பொதுவான தரவு அறிவியல் படித்துவிட்டு ஜிஐஎஸ் என்ற புவியியல் தகவல் முறைமையைத் தானாகக் கற்றுக்கொள்ளலாம் என்ற வாதமும் உண்டு. வேலைச் சந்தையின் அகலத்தை மட்டும் பார்த்தால் அது நியாயமான வாதம்தான். புவித்தகவலியல் பட்டத்தைப் பார்த்ததும் நிலப்படம் வரைபவர் என்று ஒதுக்கும் மேலாளர்களை நானும் சந்தித்திருக்கிறேன். ஆயினும், கியூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் பொத்தான்களைக் கற்பது எளிது, போஸ்ட்ஜிஐஎஸ் என்ற இடத்தரவுத்தளத்தில் வினவல் எழுதுவதும் சில வாரங்களில் வந்துவிடும். பக்கத்து வீட்டைப் பார்த்து எழுதும் மாதிரியைச் சந்தேகிக்கும் பழக்கம் யாராவது திருத்திக்கொண்டே இருந்தால்தான் வருகிறது.

என் தேர்வு இப்படி இருக்கும். கட்டடப் பொறியியலோ புவித்தகவலியலோ படித்த இளநிலைப் பட்டதாரிக்கு அளவீடு ஏற்கெனவே தெரியும். அவர் மீண்டும் அதே மரபில் எம்.டெக். சேர்வதைவிட, புள்ளியியல் பக்கம் சாய்ந்த லிவர்பூல், காஸா, அல்லது நடுவில் நிற்கும் மூன்ஸ்டர் போன்ற இடங்களைத் தேடுவது நல்லது. கணினியியல் படித்தவருக்கு இதன் மறுதலை பொருந்தும்: அவருக்கு நிரல் தெரியும், தரை தெரியாது, தேராதூனோ கிண்டியோ மும்பையோ அவரைக் களத்தில் இறக்கும், செலவும் குறைவு. பொருளியலோ புவியியலோ படித்தவர் ஓராண்டுப் படிப்புக்கு முன் ஆறு மாதம் பைத்தானில் உட்கார வேண்டும், இல்லையேல் இரண்டு ஆண்டுப் படிப்பைத் தேட வேண்டும்.

எதில் சேர்வதானாலும், கடந்த இரண்டு ஆண்டு ஆய்வேட்டுத் தலைப்புகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பத்துத் தலைப்புகளில் எட்டு "நிலப் பயன்பாட்டு மாற்றம்: ஒரு மாவட்ட ஆய்வு" என்ற அச்சில் வார்த்தவையாக இருந்தால், பட்டத்தின் பெயரில் தரவு அறிவியல் என்று எழுதியிருந்தாலும் அங்கே அது நடக்கவில்லை. கேட் தேர்வுக்கான பதிவு வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நடக்கிறது, தேர்வு பிப்ரவரியில். ஐரோப்பியக் கூட்டுப் படிப்புகளின் உதவித்தொகை விண்ணப்பங்கள் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே முடிந்துவிடுகின்றன. ஆகவே செப்டம்பரில் தொடங்குபவர் இரண்டு கதவுகளையும் ஒரே ஆண்டில் தட்டலாம். மார்ச்சில் யோசிக்கத் தொடங்குபவருக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது பணம் கட்டிச் சேரும் இடங்கள்தான்.