‘ஐஸே வேண்டாம் சார்’ என்றார்கள், நம்பினேன்: கேம்பிங் ஃப்ரிட்ஜ் வாங்குமுன் இதைப் படியுங்கள்

முகாமிலிருந்து திரும்பி நாலு நாள் ஆகிறது. கெட்டுப்போன பால் வாடை இன்னும் போகாத ஒரு பெட்டி வாசலில் வாய் பிளந்து கிடக்கிறது. அதற்கு நான் கொடுத்தது என் ஒரு மாதச் சம்பளத்தில் கால்வாசி. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கரண்ட் இல்லாத இடத்தில் 3 நாள் கூடாரம் போட்டுத் தங்குவதாகத் திட்டம். நான், மனைவி, இரண்டு குழந்தைகள், கூடவே அக்கா குடும்பம். சின்னவளுக்குப் பால் இல்லாமல் முடியாது. ஐஸ் பெட்டி என்றால் உருகும், தண்ணீர் தேங்கும், எல்லாம் நனையும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்து இணையத்தில் தேட ஆரம்பித்தேன். பல விற்பனையாளர்கள் கடை போட்டிருக்கும் ஒரு பெரிய ஆன்லைன் சந்தையில் அகப்பட்டது இந்தப் பெட்டி. ‘போர்ட்டபிள் ஃப்ரிட்ஜ், 12 வோல்ட், காரில் செருகினால் போதும், 3 நாள் குளிர்ச்சி.’ சந்தையின் பெயரையும் விற்றவர் பெயரையும் இங்கே போடப்போவதில்லை.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. சாட்டில் கேட்டேன். “இது ஐஸ் பெட்டியா, நிஜ ஃப்ரிட்ஜா?” ஒரு நிமிஷத்தில் பதில்: “நிஜ ஃப்ரிட்ஜ்தான் சார். ஐஸே வேண்டாம்.” சரி, வீட்டு ஃப்ரிட்ஜின் பின்னால் உறுமுமே, அந்தக் கம்ப்ரெசர் இருக்கிறதா என்றேன். “இது அட்வான்ஸ்டு டெக்னாலஜி சார், கம்ப்ரெசரே தேவைப்படாது.” கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை. அந்த இடத்தில் எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். நானோ, அட, சத்தமில்லாமல் ஓடும் போலிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுப் பணத்தைக் கட்டினேன்.

வீட்டில் சோதித்தும் பார்த்தேன். அதுதான் இன்னும் எரிச்சல். ஏசி ஓடும் அறையில், 24 டிகிரியில், அடாப்டர் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் உள்ளே 7 டிகிரி. மனைவியைக் கூப்பிட்டு வேறு காட்டினேன்.

முகாமில் மதியம் நிழலிலேயே 34 டிகிரி. காரில் செருகிய பெட்டி தேனீ போல முனகிக்கொண்டே இருந்தது. பின்பக்கத் துவாரத்தில் கை வைத்தால் ஹேர் டிரையர் மாதிரி சூடான காற்று. சாயங்காலம் உள்ளே வைத்திருந்த தெர்மாமீட்டரை எடுத்தேன்: 18. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 18தான். உள்ளே ஒரு பக்கச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அலுமினியத் தகடு. அதில் ஒட்டிக்கொண்டிருந்த பால் பாக்கெட்டின் ஒரு ஓரம் மட்டும் சில்லென்று இருந்தது, மற்ற பக்கம் வெதுவெதுப்பு. ராத்திரியில் கொஞ்சம் குளிர்ந்துவிடும் என்று நம்பி அப்படியே ஓடவிட்டேன். காலையில் பால் திரிந்திருந்தது, இறைச்சியில் வாடை. காரைக் கிளப்பலாம் என்று சாவியைத் திருப்பினால் ‘டிக்’. அவ்வளவுதான், பாட்டரி காலி. மாமா தன் காரிலிருந்து கேபிள் மாட்டித்தான் கிளப்ப வேண்டியிருந்தது.

“தம்பி, அதை ஓரமா வெச்சிட்டு எங்க பெட்டியில வை” என்றாள் அக்கா. பத்து வருஷப் பழைய ஐஸ் பெட்டி. கிளம்புவதற்கு முந்தின நாளே அதைக் குளிரவைத்து, தண்ணீர் பாட்டில்களைக் கல்லாக உறையவைத்து, கிட்டத்தட்ட 10 கிலோ அடுக்கியிருந்தாள். மூன்றாம் நாள் மதியமும் பாட்டிலுக்குள் ஐஸ் கட்டி மிதந்தது. ஒரு கிலோ ஐஸ் உருகி முடிவதற்குள் சுமார் 93 வாட்-மணி வெப்பத்தை, அதாவது 100 வாட் பல்பு ஒன்று ஏறக்குறைய ஒரு மணி நேரம் எரிய இழுக்கும் அளவை, விழுங்கிவிடும். பத்து கிலோவுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவளுக்குச் செலவு குழாய்த் தண்ணீர். எனக்குக் கால்வாசிச் சம்பளம்.

என் பெட்டிக்குள் இருப்பது பெல்டியர் தகடு. கரண்ட் பாய்ந்தால் ஒரு முகம் குளிரும், மறு முகம் சுடும். பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1834-இல் கண்ட விஷயம். இவர்களுடைய ‘அட்வான்ஸ்டு டெக்னாலஜி’யின் வயது அது. இந்த வகைப் பெட்டி வெளியே இருக்கும் வெப்பத்திலிருந்து 15, மிஞ்சினால் 20 டிகிரியைக் கழிக்கும், அவ்வளவுதான். 24-இல் 7 காட்டியது 34-இல் 18 காட்டியதற்குக் காரணம் இதுதான். கெடக்கூடிய உணவுக்கு 5 டிகிரியோ அதற்குக் கீழோ வேண்டும். போதாததற்கு, போதுமான குளிர் வந்ததும் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் என்னுடையதில் கிடையாது. நிற்காமல் 5 ஆம்பியர் இழுக்கும். 45 ஆம்பியர்-மணி கார் பாட்டரி என்றால் ஒன்பது மணி நேரத்தில் மொத்தமும் காலி, ஒரு ராத்திரி தாங்குமா?

இனி, புகார் செய்ததும் விற்றவர்கள் தந்த பதில்கள். முதல் நாள்: “மூடியை அடிக்கடி திறந்தீங்களா சார்?” இல்லை என்றேன். அடுத்த நாள் வேறொருவர்: “சூடான பொருள் வெச்சீங்களா?” இல்லை. “வெயில்ல வெச்சிருப்பீங்க.” நிழலில்தான் வைத்தேன் என்று புகைப்படம் அனுப்பினேன். படம் தெளிவாக இல்லையாம், வீடியோ வேண்டுமாம். வீடியோவும் அனுப்பினேன். அப்புறம் மூன்றாமவர் வந்து, கையேட்டின் 6-ஆம் பக்கம் பார்க்கச் சொன்னார். எறும்பு எழுத்தில் இருந்தது: ‘சுற்றுப்புற வெப்பத்தைவிட 15-18 டிகிரி குறைவாக.’ அதாவது பெட்டி சரியாகத்தான் வேலை செய்கிறதாம்! பணத்தைத் திருப்பிக் கேட்டால், 7 நாள் கெடு முடிந்துவிட்டது. வாங்கி 12 நாள் ஆகிறது. சந்தைக்காரர்களிடம் போனால் “விற்பனையாளரிடம் பேசுங்கள்”, விற்பனையாளரிடம் போனால் “தளத்தில் புகார் கொடுங்கள்”. கால்வாசிச் சம்பளம் இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது.

என்ன வாங்கலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. ‘கம்ப்ரெசர்’ என்ற சொல் விற்பனைப் பக்கத்தில் இல்லையென்றால் அதை நிஜ ஃப்ரிட்ஜ் என்று நம்பிவிடாதீர்கள். கம்ப்ரெசர் உள்ளதை வாங்கினாலும் தனி பாட்டரி வையுங்கள், காரைக் கிளப்பும் பாட்டரியைத் தொடாதீர்கள். ஓரிரண்டு நாளுக்கு நல்ல ஐஸ் பெட்டியே போதும். சில்லு ஐஸைவிடப் பெரிய கட்டி மெதுவாக உருகும். ஈரத்துணி, மண்பானை வித்தையெல்லாம் காற்று காய்ந்திருந்தால்தான் எடுபடும், அதுவும் காய்கறிக்கு, பாலுக்கு இல்லை. 32 டிகிரிக்கு மேல் வெயிலடிக்கும்போது பாலோ இறைச்சியோ ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இன்னொன்று. இன்று காலை அந்த விற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ‘3 நாள் குளிர்ச்சி’ என்ற வரியைக் காணோம். சாட்டும் அழிந்துவிட்டது. வாங்குமுன் பக்கத்தையும் பேச்சையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை.