சாங்ஷன் என்றால் அனுமதி மட்டும்தானா? ஆன்கியோடு 3 வருடம்

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான், வங்கித் தேர்வுக்கு இங்கிலீஷ் வார்த்தை படிக்க ஏதோ கார்டு ஆப் வைத்திருந்தாயே, நானும் போட்டுக்கொள்ளட்டுமா என்று. ஆன்கிதான் அது. மறக்கப்போகும் நேரம் பார்த்து வார்த்தையைத் திரும்பக் காட்டும், சரியாகச் சொல்லச் சொல்ல இடைவெளி நீளும், ஆண்ட்ராய்டில் காசு கிடையாது. இதெல்லாம் அவனுக்கே தெரியும்.

நான் சொல்ல வந்தது வேறு. ஆரம்பத்தில் யாரோ செய்து வைத்திருந்த 3000 வார்த்தை டெக், அதாவது கார்டுக் கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டேன். முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் தமிழில் ஒரே ஒரு பொருள். ‘சாங்ஷன்’ என்றால் அனுமதி. ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை, இடைவெளி 8 மாதம் வரை போய்விட்டது. மாதிரித் தேர்வில் ரஷ்யா மீதான சாங்ஷன் பற்றி ஒரு பத்தி வந்தது, அனுமதி என்றே எடுத்துக்கொண்டு 5 கேள்வியும் போச்சு. கடனுக்கு வந்தால் ஒப்புதல், ஒரு நாட்டின் மேல் வந்தால் தடை! ‘ஓவர்சைட்’டும் அப்படித்தான், மேற்பார்வையும் அதுதான், கவனிக்காமல் விட்ட பிழையும் அதுதான். ஆப்பைக் குறை சொல்ல முடியாது, உள்ளே இருப்பதைத்தானே காட்டும். ஆனாலும் கோபம் வருகிறது, அரைகுறைப் பொருளைக்கூட இவ்வளவு அழுத்தமாக மனதில் ஏற்றிவிடுகிறதே.

அப்புறம் டெக்கை அழித்துவிட்டு நானே கார்டு எழுதினேன். செய்தித்தாளில் பார்த்த வாக்கியம் முன்பக்கம், அந்த இடத்தில் சொல்லுக்கு என்ன பொருள் என்பது பின்பக்கம். நாளுக்கு 5 புதுச் சொல்தான். ஆப் தானாக வைத்திருக்கும் 20 எனக்கு ஒத்துவரவில்லை, அக்கா கல்யாணத்துக்குப் போய் 10 நாள் கழித்து வந்தபோது சேர்ந்துகிடந்ததைத் தீர்க்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. பழைய டெக்கில் ‘ரெலக்டன்ட்’ 8 தடவை தவறிப்போய், லீச், அதாவது ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி என்று பெயர் வைத்து ஆப்பே ஒதுக்கிய சொல். அதையே ‘மனமில்லாமல் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார்’ என்ற பொருளில் வந்த செய்தி வரியோடு எழுதினேன், பிறகு மறக்கவே இல்லை. இன்று தலையங்கம் படிக்கும்போது அகராதியைத் தேடிப் போவது எப்போதாவதுதான். உண்மையிலேயே பெரிய சந்தோஷம் அது.

இருந்தாலும் நண்பனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். தேர்வுக்கு 2 மாதம்கூட இல்லை, போட்டால் அவனும் முதலில் அந்த மாதிரி டெக்கைத்தான் இறக்குவான். தினம் ஒரு தலையங்கம், ஒரு நோட்டு, அது போதும். எனக்கு இன்றைக்கு இன்னும் 43 கார்டு பாக்கி, சாப்பிட்டதும் உட்கார வேண்டும்.