பெரிய கன்றா, சின்னக் கன்றா, போத்தா, விதையா? வேரைக் கேட்டால்...

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மறுநாள் காலை எங்கள் தெருமுனையில் சாய்ந்து கிடந்த இயல்வாகையின் அடியைக் குனிந்து பார்த்தேன். இரண்டு மாடி உயர மரம். ஆணிவேர் என்று சொல்ல ஒன்றுமில்லை. மணிக்கட்டுத் தடிமன் வேர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாடு மாதிரி இறுகியிருந்தன. நடுவில் கறுப்பு பாலிதீன் கிழிசல். பையைக்கூட முழுசாகப் பிரிக்காமல் நட்டிருக்கிறார்கள்!

அதிலிருந்து, யாராவது வாசலில் மரம் வைக்கப் போகிறேன் என்றால், வேம்பா புங்கையா என்று கேட்பதற்கு முன்னால், எந்த வடிவில் நடப் போகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

பெரும்பாலோர் கை நீட்டுவது ஆள் உயரப் பெரிய கன்றுக்கு. ஆடு எட்டாது, நட்ட அன்றே மரம் மாதிரி நிற்கும், விழாவில் போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அது பைக்குள்ளேயே இரண்டு மூன்று வருஷம் இருந்திருக்கும். பையின் சுவரில் முட்டிய வேர் திரும்பி வட்டம் போடத் தொடங்கும். அந்த வளைவு முற்றிவிட்டால், மண்ணில் வைத்த பிறகும் தானாக நிமிராது. தண்டு பருக்கப் பருக்க, சுற்றிய வேரும் பருத்து அதன் கழுத்தையே நெரிக்கும். கன்று செழிப்பாகத் தெரிவதால் பல வருஷம் யாருக்கும் சந்தேகம் வராது.

முழங்கால் உயரச் சின்னக் கன்றில் இந்தத் தொல்லை குறைவு. வேர் இன்னும் சுவரைத் தொட்டுத் திரும்பியிருக்காது. நட்டதும் வேர் சீக்கிரம் பரவுவதால், சில வருஷங்களில் பெரிய கன்றை எட்டிப் பிடித்துவிடும். ஆனால் அதுவரை ஆடு, மாடு, பைக், குப்பை வண்டி எல்லாவற்றிடமிருந்தும் காக்க வேண்டும். கூண்டு போடாமல் நடுவது வீண்வேலை.

விதை போட்டு வளர்ந்த மரத்தின் வேருக்கு ஈடில்லை. வேம்பு, புங்கை, பனை எல்லாம் நேரே கீழே இறங்கும். பனை, இலை வெளியே தெரியும் முன்பே மண்ணுக்குள் இறங்கிவிடும். பிடுங்கி நட்டால் பிழைப்பது அபூர்வம். ஏரிக்கரைக்கு, காலி மனைக்கு விதைதான் சரி. தெருவோரத்தில் முளைத்தால் அடுத்த நாளே துடைப்பத்தோடு போய்விடும்.

அப்புறம் போத்து. மழைக்கு முன்னால் பூவரசில் கைத்தடிமன் கிளையை வெட்டி, மேல்நுனியில் சாணி அப்பி ஊன்றுவது ஊர்ப்பக்கத்துப் பழக்கம். சீக்கிரம் வளரும், செலவில்லை. “ஆணிவேர் கிடையாதே, காற்றுக்குத் தாங்குமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் மண்ணைப் பொறுத்தது.

திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம் மணல். தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். வேரும் அதைத் தேடி இறங்கும். அங்கே விதைக்கும் சின்னக் கன்றுக்கும்தான் என் ஓட்டு. தி.நகர், அண்ணா நகர் பக்கம் களிமண். மழையில் நீர் கட்டி, கீழே காற்றே இருக்காது. வேரும் மூச்சு விட வேண்டுமே. அதனால் எந்த மரமானாலும் வேர் பெரும்பாலும் மேலே இரண்டு மூன்று அடிக்குள் பக்கவாட்டில்தான் ஓடும். அங்கே போத்துக்கும் கன்றுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துவிடுகிறது. பக்கவேர் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதே மரத்தைப் பிடித்து நிறுத்தும்.

களிமண்ணில் குழி தோண்டும் விதமே ஆபத்து. ஜேசிபி வாளி சுவரை மழுமழுவென்று பானை போல வழித்துவிடும். உள்ளே செம்மண்ணும் தொழு உரமும் கொட்டினால் வேர் அந்தச் சொகுசை விட்டு வெளியே வராது; நட்டவர் தெரியாமலே இன்னொரு பை செய்துவிடுகிறார். மழை நீரும் அதில் தொட்டி மாதிரி தேங்கும். கடப்பாரையால் சுவரைக் கொத்திக் கரடுமுரடாக்கி, தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். உரத்தை மேலே பரப்பினால் போதும். குழி மூன்றடி ஆழம் வேண்டும் என்று சிலர் சொல்லும் கணக்கும் எனக்கு ஒப்பவில்லை. ஆழத் தோண்டி நிரப்பிய மண் அமுங்கும்போது கன்றும் இறங்கி, தண்டும் வேரும் சேரும் கழுத்து மண்ணுக்குள் போய்விடும். வேரும் மண்ணும் சேர்ந்த வேர்க்கட்டியின் உயரத்துக்கு ஆழம், அதன் அகலத்தைப் போல மூன்று மடங்கு அகலம். அவ்வளவுதான்.

தினமும் ஒரு குவளை ஊற்றினால் வேர் மேலேயே சுற்றும். வாரம் இரண்டு முறை குடம் குடமாக ஊற்றுங்கள். குச்சியோடு இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கொஞ்சம் ஆடினால்தான் தண்டும் வேரும் உரம் பெறும்.

இத்தனையும் செய்தபின் தண்டு வரை பேவர் பிளாக் பதித்தால் எல்லாம் போச்சு. டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு கான்கிரீட் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. மழைநீர் வடிகாலுக்காக ஒரு பக்க வேரை மொத்தமாக வெட்டிய மரமும் அடுத்த புயலுக்குக் காத்திருக்கும் மரம்தான், அது விதையில் முளைத்திருந்தாலும்.

எங்கள் தெரு களிமண், ஆடுகளும் உண்டு. போன வருஷம் மார்பு உயரப் புங்கங்கன்று ஒன்று வாங்கினேன், பெரிதுமில்லை, சிறிதுமில்லை. பையைப் பிரித்து, பக்கவாட்டில் நாலு இடத்தில் கத்தியால் கீறி, அடியில் ஓர் அங்குலம் வட்டமாகச் சீவினேன். “பாவம், பச்சை வேரைப் போய் வெட்டுறீங்களே சார்” என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். சீவிய வட்டை அவர் கையில் கொடுத்தேன். மண்ணை உதறி, ஒரு வேரை நீட்டிப் பார்த்தார். விட்டதும் மறுபடி சுருண்டுகொண்டது.