ஊரில் போர்வெல் போடப் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்காவில் டேப்லெட்டும் கையுமாக நின்ற ஒரு ஏஜென்டை நம்பி 3,200 வெள்ளியை இழந்திருக்கிறேன். ஊரில் போர் போட நினைக்கும் வேறு யாரும் இப்படி ஏமாறக்கூடாது.

எங்கள் ஊர் தர்மபுரிப் பக்கம். அப்பாவின் தோட்டத்துக் கிணறு வற்றி இரண்டு வருடம் ஆகிறது. அந்த ஆள் சர்வே எண்ணைக் கேட்டுவிட்டு, திரையில் ஒரு நீலக் கோட்டைக் காட்டினார். “உங்க நிலத்துக்கு அடியில ஆறே ஓடுதுண்ணே. 900 அடி போனா வத்தவே வத்தாது.”

பச்சைப் பொய். அந்தப் பக்கமெல்லாம் கடினப் பாறை. மேலே இருக்கும் சிதைந்த பாறையிலும், அதற்குக் கீழுள்ள விரிசல்களிலும்தான் மழைநீர் இறங்கித் தங்கும். அங்கே நீர்த்தாங்கி என்பதே அவ்வளவுதான். ஆழம் போகப் போகப் பாறை இறுகும், விரிசல் பொதுவாகக் குறையும். இங்கே செம்பவாங் வெந்நீர் ஊற்றில் முட்டை அவித்திருப்பீர்களே, அதுவும் கருங்கல் விரிசல் வழியாக ஏறி வரும் தண்ணீர்தான். விரிசல் அகப்பட்டால் தண்ணீர், இல்லையென்றால் வெறும் கல்.

துளை போடும் ரிக் வண்டி வந்த இரவு ஈசூனில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். 400 அடி தாண்டியும் காய்ந்த தூசிதான் பறந்தது. அம்மாவின் முருங்கை மரம் மாவில் முக்கி எடுத்ததுபோல் வெளுத்துவிட்டது. நிறுத்தச் சொன்னேன். “இன்னும் நூறு அடிண்ணே, வந்துரும்” என்றே 900 வரை கொண்டுபோனார்கள். கூலி அடிக்கணக்கு. ஆழம் கூடினால் அடிக்கான விலையும் கூடும். கடைசியில் கிடைத்தது விரல் தடிமனுக்குத் தண்ணீர்.

அதைவிட வயிறெரிய வைத்தது கேசிங் பைப். சிதைந்த பாறை முடியும் வரை அதை இறக்கினால்தான் மண் சரியாது. பில்லில் 120 அடி. அம்மா எண்ணியதோ இரண்டே குழாய், ஒன்று 20 அடி. அடுத்த மழையில் மண் சரிந்து மோட்டார் உள்ளேயே சிக்கிக்கொண்டது. ஏஜென்ட் ரிக்காரரைக் கேட்கச் சொல்கிறார், ரிக்காரர் ஏஜென்டைக் கேட்கச் சொல்கிறார்.

சிங்கப்பூரில் நின்றுகொண்டு எந்தத் திரையிலும் உங்கள் நிலத்தடி நீரைப் பார்க்க முடியாது. நிலத்தில் கம்பிகளை ஊன்றி, மின்சாரம் செலுத்தி, மண்ணும் பாறையும் அதை எவ்வளவு தடுக்கின்றன என்று அளக்கும் மின்தடை ஆய்வு செய்ய வேண்டும். அதுவும் ஒரு கணிப்புதான். அரசின் வேளாண் பொறியியல் துறையிலேயே விவசாயிகளுக்கு அதைச் செய்து தருகிறார்கள், அப்பாவை அங்கே அனுப்பியிருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டங்களில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்றும் விசாரியுங்கள்.

அப்புறம், குழாய் இறக்கும்போது வீட்டு ஆள் ஒருவர் எண்ணி, ஒவ்வொன்றையும் படம் எடுக்கட்டும். அம்மா எண்ணினார், படம் எடுக்கவில்லை. ஆறு குழாய் இறக்கினோம் என்று ரிக்காரர் இன்றைக்கும் சாதிக்கிறார்.