ரெடிமேட் ட்ரெயினிங் பிளான்: இரண்டு சீசன் ஓட்டியபின்

ரெடிமேட் திட்டம் தரும் சைக்கிள் பயிற்சி ஆப்பின் சந்தா விலை இறங்கியதிலிருந்து "இப்போ எடுக்கலாமா ப்ரோ?" என்று கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. ஸ்மார்ட் ட்ரெய்னர் (சைக்கிளை மாட்டி அறைக்குள் ஓட்டும் கருவி), பவர் மீட்டர் (மிதிக்கும் சக்தியை வாட்டில் அளப்பது), எஃப்.டி.பி. (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் அதிகபட்ச வாட்) இவற்றை வைத்துப் பயிற்சி செய்கிறவர்களுக்கு இந்தப் பதில்.

12 வாரத் திட்டத்தை ஒழுங்காக முடித்தால் பலன் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. செவ்வாய் ஸ்வீட் ஸ்பாட்டில் (எஃப்.டி.பி.யில் 88–94%) இருபது நிமிடம் இரண்டு முறை, வியாழன் 110 சதவீதத்தில் நாலு நிமிட இன்டர்வெல் ஐந்து முறை, மூன்று வாரம் சுமையை ஏற்றி நாலாவது வாரம் இறக்கம். ஆனால் இதன் நிஜமான உபகாரம் ஈஸி நாளில்தான். 65 சதவீதத்தைத் தாண்டவிடாமல் பிடித்துவைக்கும். இஷ்டத்துக்கு ஓட்டுகிறவர்கள் ஈ.சி.ஆரில் யார் முந்தினாலும் விரட்டி, வாரத்தில் ஐந்து நாளும் 80 சதவீதத்திலேயே சுற்றுகிறார்கள். அலுப்பு மிஞ்சும், வேகம் வராது.

எரிச்சல் ஒன்றே ஒன்று. அந்த வாட் எண்ணுக்குச் சென்னை தெரியாது.

ஜனவரி விடியலில் முட்டுக்காடு பக்கம் 20 நிமிட டெஸ்ட்டில் சராசரி 240 வாட் வந்தால், ஆப் அதை 0.95-ஆல் பெருக்கி எஃப்.டி.பி. 228 என்று போட்டுக்கொள்ளும். அதே 228-ஐ வைத்துத்தான் கத்திரியிலும் கணக்குப் பண்ணும், அதுவும் அறைக்குள். முதல் இருபது நிமிடம் ஓடிவிடும். இரண்டாவதில் வாட் அப்படியே இருக்க, துடிப்பு 158-லிருந்து 172-க்குப் போகும். புழுக்கத்தில் வியர்வை காய்வதில்லை. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்புகிறது, வியர்வையில் நீரும் போகிறது, இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. கால் தளர்ந்து கேடன்ஸ் (நிமிடத்துக்கு பெடல் சுற்றும் எண்ணிக்கை) 90-லிருந்து 75-க்கு இறங்கியதும், வாட்டை மாறாமல் பிடித்துவைக்கும் ட்ரெய்னரின் ஈ.ஆர்.ஜி. மோட் அதை விடக்கூடாதென்று இன்னும் இறுக்கும். 60, 50, அப்புறம் சேற்றில் மிதிப்பதுபோல் பெடல் நின்றே போகும். ஆப் அதைச் சிவப்பில் 'தோல்வி' என்று எழுதிவைக்கும்!

வழி உண்டு. ஏப்ரல் முதல் ஜூன் வரை எஃப்.டி.பி. எண்ணைக் கையாலேயே 5–8% குறையுங்கள், இல்லை புது டெஸ்ட்டை அறைக்குள்ளேயே எடுங்கள். மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என இரண்டு பெடஸ்டல் ஃபேன் வேண்டும். ஏசி மட்டும் போதாது, உடம்பில் காற்று அடிக்கணும். 110% இன்டர்வெல்லில் ஈ.ஆர்.ஜி.யை அணைத்துவிட்டு கியரில் ஓட்டுங்கள். வாட்டைத் துடிப்பால் வகுத்துப் பாருங்கள், முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் 5 சதவீதத்துக்கு மேல் சரிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ஹேண்டில்பாரில் துண்டு கட்டாவிட்டால் வியர்வை சொட்டி, அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட் துருப்பிடிக்கும், அது தனிச் செலவு.

கிழமைகளையும் கழற்றிவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு கடினமான நாள், நடுவே 48 மணி நேரம், ஒரு நீண்ட ரைடு. ஞாயிறு மாமல்லபுரம் குரூப் ரைடில் அடித்துப் பிடித்து ஓட்டினால் அதுவே ஒரு கடின நாள். தவறவிட்ட செஷனை மறுநாள் சேர்த்து ஓட்டக் கூடாது. ஐப்பசி மழையில் இது அடிக்கடி நடக்கும்.

இவ்வளவையும் கையால் திருத்தியபின் அந்த ஆப்பில் மிச்சமிருப்பது ஒரு நேரக்கடிகாரம். அதனால் என் பதில், இந்த வெயிலில் எடுக்க வேண்டாம். ஜனவரியில் கேட்டிருந்தால் எடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.